மடியில் ஒரு முறம்

பெரிய டீச்சர் என்றதும் எனக்கு முதலில் ஞாபகத்துக்கு வருவது ஒரு வெயில் காலைதான். குடை பிடிக்கிற மாதிரி ஒரு புது முறத்தைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு அவர் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். வெந்தயம் அரைத்து மெழுகிய வாசனை இன்னும் போகாத முறம். எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலேயே தோல் பதனிடுகிற ஷாப்பு இருந்தது. காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் சுண்ணாம்புத் தொட்டியும் பச்சைத் தோலும் கலந்த வாடை வகுப்புக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். புதிதாக வருகிறவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். ஒரு மாதம் போனால் கையை எடுத்துவிடுவார்கள். நானும் அப்படித்தான் எடுத்துவிட்டிருந்தேன். அன்றைக்கு மட்டும் அந்த வாடையை மீறி வெந்தயம் மணத்தது. "இந்தா, உன் ஜன்னல்காரிக்கு மருந்து கொண்ணாந்துகீறேன்" என்று சிரித்தபடி முறத்தை என் கையில் கொடுத்தார். நான் அவர் காலில் விழாத குறை.

ஆம்பூருக்கும் பேர்ணாம்பட்டுக்கும் நடுவில் ஒரு ஊர். பெயர் வேண்டாம். ஐம்பதுகளின் தொடக்கம். ஆசிரியப் பயிற்சி முடித்த கையோடு வாலாஜாபேட்டையிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியும் தலையணையுமாக வந்து இறங்கியவள் நான். அந்தப் பள்ளிக்கூடத்துக்குத் தலைமையாசிரியை பெரிய டீச்சர். அதனால் நான் சின்ன டீச்சர் ஆனேன். அவர் வீட்டுப் பின்கட்டு அறையிலேயே எனக்கு இடமும் கொடுத்தார். முதல் மாதம் முழுக்க நான் அழுதுகொண்டிருந்தேன். வீட்டை விட்டு வெளியே தங்கியதே கிடையாது. ஊருக்கே திரும்பிப் போய்விடுகிறேன் என்று பெட்டியைக் கட்டினால், அவர் கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்புமாகத் தட்டை வைத்து, "அழறதா இருந்தா சாப்ட்டுட்டு அழும்மா. வெறும் வயித்துல அழுதா தலைதான் வலிக்கும்" என்பார். சாப்பிட்ட பிறகு அழுகை வராது. இப்படியே என்னை அந்த ஊரில் நிறுத்திவிட்டார். காய்ச்சலில் கிடந்தபோது என் தலையைத் தன் மடியில் வைத்து நெற்றிக்குப் பற்றுப் போட்டவர். அம்மாவுக்கு அடுத்தபடியாக நான் நம்பிய மனுஷி அவர்தான். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் என் வயிற்றெரிச்சல் யாருக்கும் புரியாது.

ஜன்னல்காரி என்பது பிள்ளைகள் வைத்த பெயர். ஆறு வயது இருக்கும். தகப்பன் தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி வேலை செய்கிறவன். சின்ன வகுப்பில் நாங்கள் பிள்ளைகளை உட்கார வைத்து முதலில் சில வேலைகள் கொடுப்போம். கலந்து வைத்த புளியங்கொட்டையையும் குண்டுமணியையும் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும். தரையில் சாக்குக்கட்டியால் எழுதிய எழுத்தின் மேல் கொட்டைகளை வரிசையாக அடுக்க வேண்டும். அப்புறம்தான் பலகையும் பலப்பமும். மற்ற பிள்ளைகள் முணுமுணுத்துக்கொண்டாவது செய்துவிடும். இவள் மட்டும் இரண்டு கையையும் முஷ்டியாக மூடிக்கொண்டு எழுந்து, நேராகப் போய் ஜன்னலில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்ப்பாள். மாட்டு வண்டியில் தோல் கட்டு போகும், ஆவாரம்பட்டை மூட்டை போகும், கழுதை போகும். எல்லாவற்றுக்கும் ஒரு தலையாட்டல் உண்டு. இழுத்து வந்து உட்கார வைத்தால் எலும்பே இல்லாதவள் போல அப்படியே சரிவாள். திட்டினால் சிரிப்பாள். கமர்கட் கொடுத்தால் வாங்கித் தின்றுவிட்டு மறுபடியும் ஜன்னல். பயிற்சியில் நான் மனப்பாடம் செய்த குழந்தை உளவியல் எல்லாம் அந்த ஜன்னல் கம்பியில் மோதி விழுந்தது.

எனக்குப் பொறுமை கம்மி. ஒரு நாள் பிரம்பை எடுத்தே விட்டேன். அதைப் பார்த்துக்கொண்டிருந்த பெரிய டீச்சர் என்னிடமிருந்து பிரம்பை வாங்கிக்கொண்டு போனார். மறுநாள்தான் முறத்தோடு வந்தார். "தரை ரொம்பப் பெருசும்மா. எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னு அதுக்குத் தெரியல. மொறத்துக்குக் கரை இருக்குது பாரு. மடியில வெச்சு, ஒரு கை கொட்டை போடு. இது தீர்ந்தா எழுந்திரிச்சுப் போய்டலாம்னு சொல்லு. சொன்னா விட்டுடணும், ஏமாத்தக் கூடாது" என்றார். அதற்குப் பிறகு அவர் சொன்னதைத்தான் முப்பது வருஷம் என் வகுப்புகளில் நான் சொல்லி வந்தேன்: "குழந்தைக்கு வேலை கசக்காதும்மா. முடிவு தெரியாத வேலைதான் கசக்கும்."

ஜன்னலுக்குக் கீழேயே அவளை உட்கார வைத்தேன். மடியில் முறம். ஒரு கை கொட்டை. நானும் பக்கத்தில் இன்னொரு முறத்தை வைத்துக்கொண்டு, அவளிடம் ஒன்றும் பேசாமல், என் பாட்டுக்குப் பிரித்தேன். ரொம்ப நேரம் முஷ்டியை மூடியே வைத்திருந்தாள். பிறகு ஒரு விரல் வெளியே வந்தது. ஒரு குண்டுமணியைத் தள்ளியது. இன்னொன்று. முறம் அவள் உடம்பைப் பிடித்து நிறுத்தியது போல இருந்தது. எழுந்தால் கொட்டிவிடுமே என்று அவளே பார்த்துக்கொண்டாள். தீர்ந்ததும் என் முகத்தைப் பார்த்தாள். "தீர்ந்துடுச்சு இல்ல, போ" என்றேன். நம்பவில்லை. இரண்டடி வைத்துத் திரும்பிப் பார்த்தாள். நான் நிஜமாகவே கூப்பிடவில்லை என்று தெரிந்ததும் கிணற்றடி வரைக்கும் ஓடி, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தானாகவே திரும்பி வந்து முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் அதைப் பெரிய டீச்சரிடம் மூன்று தடவை சொன்னேன்.

அப்புறம் நாளுக்கு நாள் கொட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். பிரிக்கிறதிலிருந்து அடுக்குவது, அடுக்குவதிலிருந்து முறத்தில் பரப்பிய மணலில் விரலால் எழுதுவது, அதிலிருந்து பலகை. இரண்டு எழுத்து வந்தது, பிறகு தன் பெயரையே எழுதினாள். பெரிய டீச்சருக்கு ஒரு தம்பி. சாயங்கால வேளைகளில் அக்காவைப் பார்க்க வருவார். வீடு வீடாகப் பீடி இலையும் தூளும் கொடுத்து, சுற்றிய பீடியை வாங்கிக் கம்பெனிக்குப் போடுகிற கமிஷன்காரர். தங்கமான பேச்சு. கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே, "இன்னா சின்ன டீச்சர், நம்ம ஜன்னல்காரி இப்ப எப்டி? எவ்ளோ நேரம் உக்காருது?" என்று கேட்பார். ஒரு வெளி மனிதருக்குக் கூடக் குழந்தைகள் மேல் எத்தனை அக்கறை என்று எனக்குப் பெருமை பிடிபடாது. நான் விலாவாரியாகச் சொல்வேன். விரல் எவ்வளவு சுருக்காகப் போகிறது, இப்போதெல்லாம் தலையே நிமிர்வதில்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்வேன். அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்ட மண்டூகம் நான்.

மார்கழியில் ஒரு நாள் தெருவில் பேண்டு வாத்தியத்தோடு ஒரு ஊர்வலம் போனது. வகுப்பே எழுந்து ஜன்னலுக்கு ஓடியது. நானும்தான் எட்டிப் பார்த்தேன். ஜன்னல்காரி மட்டும் அசையவில்லை. முறத்தில் பலகையை வைத்துக்கொண்டு, நாக்கை ஓரமாகக் கடித்தபடி எழுதிக்கொண்டிருந்தாள். வாசலில் பெரிய டீச்சர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இனிமே கவலையில்ல" என்றார். எனக்கு அது பட்டம் வாங்கிய மாதிரி இருந்தது. இந்தப் பெண் ஐந்தாவது முடிப்பாள், அதற்கு மேல் ஆம்பூரில் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போவாள், நானே கூட்டிக்கொண்டு போய்ச் சேர்ப்பேன் என்றெல்லாம் அன்று ராத்திரி மனக்கோட்டை கட்டினேன்.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது அவள் வரவில்லை. "சொந்தக்காரங்க காவேரிப்பாக்கத்துல இருக்காங்க, போயிருப்பாங்க, வரும்" என்றார் பெரிய டீச்சர். மறுவாரம் கேட்டதற்கு, காய்ச்சலாம் என்றார். போய்ப் பார்க்கிறேன் என்றால், அந்தத் தெருவில் அம்மை போட்டிருக்கிறது, நீ போகாதே என்றார். அவர் சொன்னால் எனக்கு வேதவாக்கு. ஆனாலும் அந்தக் காலி ஜன்னல் என்னை உட்கார விடவில்லை. ஒரு சனிக்கிழமை, துணி துவைக்கச் சோப்பு வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அந்தத் தெருவில் அம்மையும் இல்லை, ஒன்றும் இல்லை. அவள் அம்மா என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாக எழுந்து வந்தாள். "வாங்க டீச்சர், வாங்க. நானே வந்து உங்களுக்கு ரெண்டு வார்த்தை சொல்லணும்னு இருந்தேன். நீங்க நல்லா இருக்கணும்" என்றாள். எதற்கு என்று கேட்டேன். "இன்னா டீச்சர் இப்டிக் கேக்குறீங்க! இது ஒரு எடத்துல உக்காந்த பொண்ணா? தூளைக் கொட்டும், இலையைக் கிழிக்கும். இவ அக்காளுங்க ரெண்டு பேரும் இந்த வயசுல பீடிக்கு முனை மடக்க ஆரம்பிச்சுட்டாங்க. இது ஒண்ணுதான் பேஜார் புடிச்சது. நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றவன் மொதல்ல இன்னா கேப்பான்? பீடி சுத்துமான்னுதானே கேப்பான். பெரிய டீச்சர்தான் சொன்னாங்க, 'நீ ஸ்கூலுக்கு அனுப்பு, உக்காரப் பழக்கிக் குடுக்கறோம்'னு. சொன்ன மாதிரியே பழக்கிட்டாங்க. மொறத்தைக் கூட அவங்க தம்பிதான் வாங்கிக் குட்த்தாராமே."

உட்காராதவள் என்பதால்தான் அவளைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பியிருக்கிறார்கள். உட்காரத் தெரிந்த அக்காக்கள் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. அந்த ஜன்னலில் ஏறி நின்றவரைக்கும்தான் அவளுக்குப் பள்ளிக்கூடம் இருந்திருக்கிறது.

உள்ளே சுவர் ஓரத்தில் மூன்று பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் ஜன்னல்காரி. மடியில் முறம். அக்காக்கள் சுற்றிப் போட்ட பீடிகளின் வாயை ஒரு சின்ன ஆணியால் மடக்கி மடக்கி ஒரு பக்கமாக அடுக்கிக்கொண்டிருந்தாள். எங்கள் வகுப்பில் அடுக்கின அதே ஒழுங்கு. "ஏய், சின்ன டீச்சர் வந்திருக்கேன் பாரு" என்றேன். தலை நிமிரவில்லை. "தோ டீச்சர், இது தீர்ந்துட்டா வர்றேன்" என்றாள். தீர்ந்ததும் விட்டுவிடுவார்கள் என்று முழுசாக நம்பிய குரல். நான் நின்று பார்த்தேன். முறத்தில் கடைசி நாலைந்து பீடி இருக்கும்போது பெரிய அக்கா ஒரு கை அள்ளிப் போட்டாள். மறுபடியும் குறைந்தபோது இன்னொரு கை. ஜன்னல்காரி ஒரு முறை முறத்தைப் பார்த்தாள், ஒரு முறை என்னைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்க்கவில்லை.

"திங்கக்கிழமை ஸ்கூலுக்கு அனுப்பும்மா" என்று அவள் அம்மாவிடம் கேட்டேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். காலையில் மட்டுமாவது அனுப்பு என்றேன். அவளுக்கு நான் கேட்பதே விளங்கவில்லை. "அதான் கத்துக்கிச்சே டீச்சர், இன்னும் எதுக்கு?" என்றாள்.

பெரிய டீச்சர் கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே நான் எங்கே போய் வந்தேன் என்று தெரிந்திருக்கும். சோப்பு எங்கே என்று அவர் கேட்கவில்லை. "எனக்கு ஏன் சொல்லல?" என்று கத்தினேன். அதற்குமுன் அவர் எதிரில் குரலை உயர்த்தியதே இல்லை. அவர் கீரையை விட்டு நிமிராமல் பேசினார். "சொல்லியிருந்தா நீ செஞ்சிருப்பியா? உக்காரத் தெரியாத பொண்ணுக்கு இந்த ஊர்ல சோறு கெடையாதும்மா. நீ நேத்து வந்தவ. நான் எவ்ளோ புள்ளைங்களப் பார்த்துட்டேன். ரெண்டெழுத்து படிச்சு மூணாம் வருஷம் நின்னுட்டு, வேலையும் தெரியாம, வூட்ல அடி வாங்கினு கெடக்கும். இதுக்கு இப்ப கை வேலை ஒண்ணு இருக்குது. நல்லதுதானே பண்ணோம்?"

அந்த 'பண்ணோம்' என்ற சொல் என் மேல் சுண்ணாம்புத் தண்ணியை ஊற்றியது போல இருந்தது. "பண்ணோம்னு சொல்லாதீங்க டீச்சர். நீங்க பண்ணீங்க" என்றேன். "முடிவு தெரியாத வேலை கசக்கும்னு எனக்குச் சொல்லிக் குடுத்தது நீங்கதானே? அவ மடியில இருக்கறதுக்கு முடிவு எங்க இருக்குதுன்னு போய்ப் பார்த்தீங்களா?" அவர் கை நின்றது. கீரையை ஒதுக்கி வைத்துவிட்டு, "சாப்ட்டுட்டுப் பேசு, வா" என்றார். அந்த வார்த்தையைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. என்னை அந்த ஊரில் உட்கார வைத்ததும் அதே வார்த்தைதானே. அந்தத் தட்டை நான் தொடவில்லை.

அந்த வருஷப் படிப்பு முடிந்ததும் ராஜினாமா செய்துவிட்டு, பாலாற்றுக்கு அந்தப் பக்கம் விரிஞ்சிபுரம் அருகில் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். கிளம்பும்போது பெரிய டீச்சர் தெருமுனை வரை வந்து நின்றார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் இறந்தபோது சேதி வந்தது, போகவில்லை. அவர் நல்லவரா கெட்டவரா என்று சிலர் என்னிடம் கேட்பதுண்டு, ஏனென்றால் அந்தப் பக்கத்தில் அவருக்கு இன்றைக்கும் நல்ல பெயர். எத்தனையோ பிள்ளைகளுக்குத் தன் கையால் சோறு போட்டவர். சொன்னதை நம்பியே செய்திருப்பார் என்று ஒரு மனசு சொல்லும். நம்பிச் செய்கிறவர் அம்மை போட்டிருக்கிறது என்று ஏன் பொய் சொல்ல வேண்டும் என்று இன்னொரு மனசு கேட்கும். வயதானால் கோபம் ஆறும் என்கிறார்கள். எனக்கு ஆறவில்லை, ஆற விடவும் எனக்கு இஷ்டமில்லை. என்னை ஏமாற்றியதைக் கூட விட்டுவிடுவேன். ஒரு குழந்தை முதல் முதலாக நம்பிக் கையைத் திறந்ததே, அதைத் திறக்க வைக்க என் கையை எடுத்துக்கொண்டார் இல்லையா, அதைத்தான் விட முடியவில்லை.

அறுபதுகளின் கடைசியில் ஒரு நாள் ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். "டீச்சர், என்னைத் தெரியுதா?" என்று ஒருத்தி வந்து முன்னால் நின்றாள். ஒல்லியான உடம்பு, தூள் ஏறிக் கறுத்த விரல் நுனிகள். எனக்குத் தெரிந்துவிட்டது. "ஜன்னல்காரி" என்றேன். வாய்விட்டுச் சிரித்தாள். கூட நாலைந்து வயதில் ஒரு பெண் குழந்தை. அது ஒரு நிமிஷம் ஓர் இடத்தில் இல்லை. பெஞ்சியில் ஏறும், குதிக்கும், கண்டக்டர் விசிலுக்கு ஓடும், திரும்பி வரும். டீச்சர் புத்தி போகுமா? "இதை ஸ்கூல்ல போடப் போறியா? ஒரு இடத்துல உக்காருமா?" என்று கேட்டுவிட்டேன்.

"உக்காரவே உக்காராது டீச்சர். நான் உக்காருன்னு சொல்றதும் இல்ல" என்றாள்.

குழந்தை மறுபடியும் பெஞ்சியில் ஏறியது. அவள் சாதாரணமாக, பழைய கதை பேசுகிற மாதிரியே கேட்டாள்: "கோவமாக் கேக்கல டீச்சர். ரொம்ப நாளாக் கேக்கணும்னு இருந்துச்சு. நீங்களும் பெரிய டீச்சரும் சேர்ந்துதானே என்னைப் பழக்குனீங்க. அந்தக் கமிஷன்காரரு உங்களுக்கும் எதனா குடுத்தாரா?"

பஸ் ஸ்டாண்டு இரைச்சலில் என் குரலே எனக்குக் கேட்கவில்லை. "எனக்குத் தெரியாதும்மா. சத்தியமா எனக்குத் தெரியாது. உங்க வூட்டுக்கு வந்த அன்னிக்குதான் தெரிஞ்சுது, அப்பவே உங்கம்மாகிட்ட கெஞ்சினேன், உனக்கு ஞாபகமில்லையா?" என்றேன்.

"நீங்க வந்தது ஞாபகம் இருக்குது. வந்து பார்த்துட்டுப் போனீங்க" என்றாள். பிறகு என் முகத்தில் என்ன பார்த்தாளோ, என் தோளைத் தொட்டு, "பரவால்ல டீச்சர், விடுங்க. எவ்ளோ நேரம் நிக்கிறீங்க, இப்டி உக்காருங்க" என்று பெஞ்சியில் இடம் ஒதுக்கினாள். வீட்டுப் பாடத்தை எழுதினேன், ஆடு தின்றுவிட்டது என்று சத்தியம் செய்கிற பிள்ளையிடம், நம்பாவிட்டாலும் அவமானப்படுத்தாமல் நான் பேசும் குரல் ஒன்று உண்டு. அதே குரலில்தான் சொன்னாள். நான் உட்கார்ந்தேன்.